குடும்பத்தோடு துடுப்பு

எங்கள் ஆபீசில் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வேலை எதுவும் நடக்காது. ஞாயிற்றுக்கிழமை யார் யார் எங்கே போனார்கள் என்ற வாராந்திர அறிக்கை தாக்கலாகும். முன்பெல்லாம் இது ரொம்ப எளிமையான அறிக்கை. ‘மாமனார் வீட்டுக்குப் போனேன்.’ ‘தூங்கினேன்.’ ‘மாமனார் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.’ அவ்வளவுதான். இப்போது அப்படிச் சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பர்ச்சேஸ் செக்‌ஷன்காரர் மலையேறப் போய் முட்டியைப் பேர்த்துக்கொண்டு வருகிறார். டெஸ்பாட்ச் பையன் கோவளத்தில் அலைமேல் பலகை போட்டு நின்றேன் என்கிறான். நின்றது எத்தனை விநாடி என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறான்.

பக்கத்து சீட்டு நண்பர் ஒரு திங்கட்கிழமை தன் மொபைலை என் மூக்குக்கு நேரே நீட்டினார். அவர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். நாலு பேரும் ஆரஞ்சு நிறத்தில் வீங்கியிருந்தார்கள். உட்கார்ந்திருந்தது வாழைப்பழத்தை நீளவாக்கில் கீறி வைத்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் வஸ்து.

“கயாக் சார்! முட்டுக்காடு பேக்வாட்டர். காலையில சைக்கிள், அப்புறம் கயாக். ஃபேமிலி பேக்கேஜ். கூடவே கைடு வருவான். டிபன் அவங்களே குடுத்துடறாங்க.”

டிபன் என்ற சொல்லில் நான் விழுந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என் வீட்டில் இது சாமானிய விஷயமில்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் என்ற சொல்லுக்குக் குடிப்பது, குளிப்பது, மெட்ரோ லாரி ஆகிய மூன்று அர்த்தங்கள் மட்டுமே அனுமதி. கடற்கரைக்குப் போனால் என் மனைவி மணலில் சுண்டல் விற்பவர் அளவுக்கு மேல் முன்னேற மாட்டாள். மாமல்லபுரம் போகும் வழியில் முட்டுக்காடு பாலம் வந்தால் பஸ்ஸின் மறுபக்க ஜன்னலைப் பார்ப்பாள். மறுபக்கத்திலும் தண்ணீர்தான். உடனே மடியைப் பார்ப்பாள்.

காரணம் எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2015 டிசம்பர் 1. அப்போது நாங்கள் முடிச்சூரில், ஒரு மாடி வீட்டின் கீழ்ப்போர்ஷனில் குடியிருந்தோம். நான், மனைவி, பத்து மாசக் கைக்குழந்தை, மூட்டு வலியோடு என் அம்மா. முந்தின மாதமே ஒரு தடவை வெள்ளம் வந்து போயிருந்தது. “அதான் வந்துட்டுப் போயிடுச்சே, இனிமே வராது சார்” என்றார் வீட்டுக்காரர். பி.காம். படித்தவன் வாய்மொழி உத்தரவாதத்தை ஏற்றுக்கொள்ளக் கூடாது. ஏற்றுக்கொண்டேன்.

முடிச்சூரில் மூன்று வருஷம் இருந்தும், பக்கத்தில் வேலிக்காத்தான் மண்டிக் கிடந்த வாய்க்கால்தான் சாட்சாத் அடையாறு என்று எனக்குத் தெரியாது. அடையாறு என்றால் அடையாறில் இருக்கும் என்றுதான் நினைத்தேன். 1867-லிருந்து படகோட்டிக்கொண்டிருக்கும் போட் கிளப், அதன் பக்கத்தில் பெரிய பங்களாக்கள். அந்த ஆறு மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளில் மிஞ்சும் தண்ணீராகக் கிளம்பி, வரதராஜபுரம், முடிச்சூர் என்று எங்கள் கொல்லைப்புறமாகத்தான் போட் கிளப்புக்குப் போகிறது என்பதை வெள்ளம்தான் சொல்லிக்கொடுத்தது. 2015 என்றாலே எல்லாரும் செம்பரம்பாக்கத்தைத்தான் சொல்கிறார்கள். அங்கே 29,000 கன அடி திறந்ததும், சைதாப்பேட்டை பட்ட பாடும் உண்மை. ஆனால் செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம், எங்களுக்குக் கீழே. எங்களை முழுக்காட்டியது எங்கள் தலைக்கு மேலே இருந்த ஏரிகளும் அன்றைய மழையும்தான். அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். சென்னையில் வருஷம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 140 சென்டிமீட்டர்தான். நாலு மாசச் சம்பளத்தை ஒரே நாளில் சில்லறையாக மாற்றித் தலையில் கொட்டினால் எப்படி இருக்கும்? அப்படி.

நான் அன்று கிண்டியில், ஆபீசில். சாயங்காலம் ரயில் நின்றுவிட்டது. ஜி.எஸ்.டி. ரோடிலேயே நடந்தேன். மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை. தாம்பரம் வந்து சேரும்போது நடுநிசி. முடிச்சூர் ரோடில் கொஞ்ச தூரம் போனதும் இடுப்பு, இன்னும் கொஞ்சம் போனதும் மார்பு. எனக்கு நீச்சல் தெரியாது. நாலு பேர் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். செல்போன் செத்துவிட்டது. தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். தூங்கினேனா இல்லையா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஒரு கல்யாண மண்டபத்தில் அவர்களைக் கண்டுபிடித்தேன். மீனவர்கள் படகு கொண்டுவந்து இறக்கிவிட்டதாக அம்மா சொன்னாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி:

“செருப்பு எங்க?”

வெள்ளத்தைப் பற்றி அவள் பேசியது அவ்வளவுதான். அடுத்த மாதமே கிழக்குத் தாம்பரம் சேலையூர்ப் பக்கம் வீடு மாறினோம். நிபந்தனை ஒன்றே ஒன்று, இரண்டாவது மாடி. மெயின்டனன்ஸ் எவ்வளவு, கார்ப்பரேஷன் தண்ணி வருமா, ஸ்கூல் பக்கமா, எதுவும் கேட்கவில்லை. படிகளை எண்ணினாள். 36 இருந்தது. “சரி” என்றாள்.

ஆக, கயாக் விஷயத்தை நான் வீட்டில் சொல்லவே இல்லை. சொன்னது என் மகள். நண்பர் அனுப்பிய போட்டோக்களை என் மொபைலில் பார்த்துவிட்டாள். (ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண்ணிடமிருந்து பாஸ்வேர்டைக் காப்பாற்றும் டெக்னிக் தெரிந்தவர்கள் எனக்குக் கடிதம் எழுதலாம்.)

“ம்மா, இது போலாம்மா! சைக்கிள்ல போயி போட்ல போறது!”

“சைக்கிளுக்கு மட்டும் வரேன்” என்றாள் என் மனைவி.

இதில் ஒரு பூர்வ கதை இருக்கிறது. அவள் புதுக்கோட்டைக்காரி. 1990-களின் ஆரம்பத்தில் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். கல் குவாரியில் வேலை செய்கிற பெண்கள், அங்கன்வாடிப் பெண்கள், கட்டிக்கொடுத்து இரண்டு பிள்ளை பெற்றவர்கள் எல்லாம் ஆண்கள் சைக்கிளில் பார்மேல் காலைத் தூக்கிப் போட்டு ஓட்டினார்கள். என் மாமியார் அந்த செட். பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்தது என் மனைவி. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கத்தின் இலவச சைக்கிள் வேறு கிடைத்தது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கென்று 2001-ல் தொடங்கிப் பிறகு எல்லாருக்கும் விரிந்த திட்டம். ஆகவே சைக்கிள் அவளுக்குத் தாய்வழிச் சொத்து. நான்? மணிக்கு இவ்வளவு என்று வாடகை சைக்கிள் எடுத்துக் குரங்கு பெடல் போட்டுப் பழகி, ஸ்கூட்டர் வந்ததும் மறந்த ஜாதி.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பணம் கட்டினேன். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மாச மளிகையில் பாதி. எந்தக் கணக்கில் எழுதுவது என்று ராத்திரி யோசித்து ‘மருத்துவம்’ என்று எழுதினேன். பின்னால் யோசித்தால் அது சரியான பதிவுதான் போலிருக்கிறது.

விடியற்காலை அஞ்சரைக்குக் கேளம்பாக்கம். சேலையூரில் கால்டாக்சி பிடித்து, மேடவாக்கம் வந்து, சித்தாலப்பாக்கம், பொன்மார், மாம்பாக்கம் வழியாகப் போனோம். சும்மா சொல்லக்கூடாது, அந்த நேரத்தில் அந்த ரோடு இன்னும் கிராமத்து ரோடு மாதிரிதான் இருக்கிறது. ஏழு மணிக்கு மேல் போனால் அதே ரோடு மாதிரி தெரியாது.

அஞ்சரைக்கு நாங்கள் ஆஜர். இன்னொரு குடும்பமும் ஆஜர். மூன்றாவது குடும்பம் வரவில்லை. கைடு போன் போட்டார்.

“சார், எங்க இருக்கீங்க?”

“நாங்க வந்து அரை மணி ஆச்சுங்க. பஸ் ஸ்டாண்ட் வாசல்ல ஹெல்மெட்டோட நிக்கறோம். உங்களத்தான் காணோம்.”

“எந்த பஸ் ஸ்டாண்டு?”

“அதாங்க, புது பஸ் ஸ்டாண்டு. கிளாம்பாக்கம்.”

2023 கடைசியில் அந்த பஸ் ஸ்டாண்டைத் திறந்ததிலிருந்து தென்சென்னையில் கிளாம்பாக்கத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவே எத்தனை கல்யாணப் பத்திரிகை, எத்தனை பொண்ணு பார்க்கும் படலம் தடம் மாறிப்போயிற்று என்று யாராவது பிஎச்.டி. செய்யலாம். ஒரு காலுக்கும் ஒரு கொம்புக்கும் இருபது கிலோமீட்டர் வித்தியாசம். அவர்கள் வந்து சேரும்வரை இருந்த நேரத்தில் நான் சீட்டின் உயரத்தை மூன்று தடவை மாற்றினேன். உயரத்தில் தப்பில்லை.

கைடு கோவளத்துப் பையன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். வெயிலில் முடி செம்பட்டையாகி, கையில் கறுப்பாக ஒரு வாட்ச். “அண்ணா, நீங்க எனக்குப் பின்னாடி வாங்க. அக்கா நடுவுல. பாப்பா என் பக்கத்துல. எல்லாருக்கும் கடைசில எங்காளு ஒருத்தர் வருவார். அவரைத் தாண்டிப் பின்னாடி யாரும் போகக்கூடாது.” இரண்டு கிலோமீட்டரில் அந்தக் கடைசி ஆளுக்கும் எனக்கும் நல்ல சிநேகம் ஏற்பட்டுவிட்டது. என் மனைவி முதலில் கண்ணில் பட்டாள். பிறகு அவள் துப்பட்டா கண்ணில் பட்டது. பிறகு எதுவும் படவில்லை.

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் ரோடில் இரண்டு பக்கமும் நீர் வந்துவிடுகிறது. ஒரு காலத்தில் உப்பளத்துக்குப் பேர் போன ஊர். இப்போது முழங்கால் ஆழத் தண்ணீரில் கூழைக்கடாக்கள் போர்டு மீட்டிங் போட்டிருந்தன. தூரத்தில் வெள்ளையாக, ஓரத்தில் மட்டும் ரோஸ் பவுடர் போட்ட மாதிரி நின்றது பூநாரைக் கூட்டம். டிவியில் ஆப்பிரிக்கா காட்டும்போது பார்த்ததுதான். நம் மாம்பாக்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

நடுவில் பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டுகிறோம். 1806-ல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய வெட்டு. 1876-லிருந்து இரண்டு வருஷம் அடித்த தாது வருஷப் பஞ்சத்தில், பசியில் கிடந்த ஜனங்களைக் கூலிக்கு வைத்து அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து, கவர்னர் பேரை வைத்துவிட்டார்கள். உப்பும் விறகும் இதில்தான் பட்டணத்துக்குப் போயின. பாரதிதாசன் நண்பர்களோடு இதில் படகேறி மாமல்லபுரம் போய், ‘மாவலிபுரச் செலவு’ என்று ஒரு பாட்டே எழுதியிருக்கிறார். அந்தப் படகைக் கரையில் ஆட்கள் கயிறு கட்டி இழுத்தார்களாம். நமக்குக் காசு கட்டினால் நாமே துடுப்புப் போடவேண்டும். முன்னேற்றம்.

வெளிநாட்டில் இதெல்லாம் சகஜம் என்பார்கள். ஜெர்மனியில் பாஸா என்ற ஊரிலிருந்து வியன்னா வரை டான்யூப் நதியை ஒட்டியே முந்நூறு கிலோமீட்டர் சைக்கிள் பாதை போகிறது. குடும்பம் குடும்பமாக, பின்னால் தள்ளுவண்டியில் குழந்தையைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அங்கே பின்னாலிருந்து தண்ணீர் லாரி ஹாரன் அடிப்பதில்லை. ஈ.சி.ஆரில் ஏறியதிலிருந்து முட்டுக்காடு பாலம் வரை உள்ள நாலு கிலோமீட்டர் என் வாழ்க்கையில் நான் அதிகமாகக் கடவுளை நினைத்த நாலு கிலோமீட்டர். பிளஸ் டூ ரிசல்ட் நாள் நீங்கலாக.

நான் போய்ச் சேர்ந்தபோது என் மனைவி கால் மேல் கால் போட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பிளஸ் ஒன் களை.

முட்டுக்காடு என்றதும் சுற்றுலாத் துறையின் படகுக் குழாம் ஞாபகம் வரும். 1984-லிருந்து பெடல் படகு, மோட்டார் படகு, ஹனிமூன் ஜோடி. நாங்கள் இறங்கியது அதற்குக் கொஞ்சம் தள்ளி, சத்தமில்லாத ஒரு கரை. கயாக்குகளைக் கவிழ்த்து வரிசையாக வைத்திருந்தார்கள். கைடு பாடம் எடுத்தார்.

“இது நடுவுல ஓட்டை இருக்குன்னு பயப்படாதீங்க. மேல விழற தண்ணி அது வழியா வெளிய போயிடும். உள்ள காத்து அடைச்ச மாதிரி, மூழ்காது. உட்கார்ந்தா கவுராது. எழுந்து நின்னாத்தான் கவுரும். யாராவது நின்னு செல்ஃபி எடுக்கணுமா?”

யாரும் எடுக்க விரும்பவில்லை.

“கவுந்தாலும் ஜாக்கெட் தூக்கிடும். கயாக்கை மட்டும் விடாதீங்க. காலைக் கீழ ஊனாதீங்க, சிப்பி இருக்கு, பிளேடு மாதிரி கிழிக்கும். செருப்பு போட்டுக்குங்க.”

கயாக் என்பது வடதுருவத்து இனுயிட் ஜனங்கள் கடல்நாய் வேட்டைக்காகக் கண்டுபிடித்தது. மரச்சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, ஓட்டுகிறவன் உடம்புக்கு அளவெடுத்து, டெய்லர் சட்டை தைக்கிற மாதிரி செய்வார்களாம். நம் கட்டுமரம் என்ற சொல்லை வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போய் ‘கேட்டமரான்’ ஆக்கி வேறொரு படகுக்கு வைத்துக்கொண்டான். பதிலுக்கு நமக்கு பிளாஸ்டிக்கில் எஸ்கிமோ படகு. வரவு செலவு நேர்.

துடுப்பின் இரண்டு முனையிலும் தட்டை இருக்கிறது. இடது, வலது, இடது, வலது. கேட்க சுலபம். வலது பக்கம் வலித்தால் படகு இடது பக்கம் திரும்பும் என்கிற சமாச்சாரம்தான் என் மண்டைக்குள் ஏறவில்லை. பற்று வரவு படித்த எனக்கே ஏறவில்லை!

மகள் கைடோடு ஒரு கயாக்கில். அப்படித்தான் ஏற்பாடு. சின்னப் பிள்ளைகள் கைடோடு, பெரியவர்கள் ஜோடி ஜோடியாக. என் மனைவி முன்பே சொன்ன மாதிரி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தும் அருகதை எனக்கு இல்லை என்று எனக்கே ஒரு எண்ணம் உண்டு.

கைடு கயாக்கைத் தள்ளினார். மகள் முன்னால் உட்கார்ந்து ‘ஹோ’ என்று கத்தினாள். கயாக் மெதுவாகத்தான் போயிற்று. ஐந்தடி, பத்தடி, இருபதடி. நான் லைஃப் ஜாக்கெட் பட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று பக்கத்தில் தண்ணீர் தெறித்தது. என் மனைவி. பையைக் கல்லிலேயே போட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள்.

“அது போயிட்டே இருக்கு. ஏறுங்க!”

“ஜாக்கெட்...”

“ஏறுங்கன்னா!”

கரையில் இருந்த ஆள் ஓடிவந்து அவளுக்கு ஜாக்கெட்டை மாட்டி இறுக்கி, எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டார். அவள் முன்னால், நான் பின்னால். நான் துடுப்பைப் போடுவதற்குள் அவள் போட்டுவிட்டாள். இடது, வலது, இடது, வலது. கையா அது! சைக்கிள் மிதித்த கால் கைக்கு வந்துவிட்டதோ என்னவோ. நான் போட்ட துடுப்பெல்லாம் அவள் முதுகில்தான் தண்ணீர் இறைத்தது. திரும்பிப் பார்க்கவில்லை. மகளின் கயாக்குக்குப் பக்கத்தில் போய், அதன் ஓரத்தை ஒரு கையால் எட்டிப் பிடித்தாள்.

“அக்கா, சூப்பர்! பிடிக்க வேணாங்கா, கூடவே வாங்க, போதும்” என்றார் கைடு.

அவள் கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு விட்டாள்.

காலை வெயில் ஏறவில்லை. நீர் சந்தடியில்லாமல் கடல்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. வெயில் காலத்தில் இந்த முகத்துவாரத்தை மணல் மூடிவிடும், மழைக்காலத்தில் திறக்கும், இப்போது பாதி திறந்திருக்கிறது என்று கைடு சொல்லிக்கொண்டு வந்தார். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மகள் கேட்டாள். இந்த விஷயம் எனக்குத் தெரியும். சொன்னேன். கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளில் நிறைந்து வழிவது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிறது. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்களே, அதே பள்ளிக்கரணை. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில் இங்கே முட்டுக்காடு.

“அப்போ நம்ம தெரு மழை இங்கதான் வருமாப்பா?”

“வரும். நம்ம தெரு சாக்கடையும் வரும்.”

“சீ!” என்று கையை வெளியே எடுத்துக்கொண்டாள்.

“மேற்குத் தாம்பரத்துத் தண்ணி?” என்று கேட்டது என் மனைவி. பத்து வருஷத்தில் முதல் தடவை.

“அது அடையாறு போயிடும். இங்க வராது.”

ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மூன்று துடுப்பு போட்டாள். மகளின் கயாக் கொஞ்சம் முன்னால் போயிருந்தது. குரல் கேட்கிற தூரம்தான். முதுகை எனக்குக் காட்டிக்கொண்டே, யாரோ பக்கத்து வீட்டு சமாச்சாரம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அன்றைக்குக் காலையில் படகு வந்தபோது இவர்கள் வீட்டுக்காரரின் மாடியில் இருந்திருக்கிறார்கள். கீழ்ப்போர்ஷன் முழுகிவிட்டது. சன்ஷேடில் இறங்கித்தான் படகில் ஏறவேண்டும். “முதல்ல குழந்தையக் குடும்மா” என்று படகிலிருந்தவர் கையை நீட்டியிருக்கிறார். கொடுத்தாள். அடுத்து இவள் காலை வைக்கும்முன், படகைக் கட்டியிருந்த கயிறு நழுவிவிட்டது. தெருவில் தண்ணீர் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. படகு சுற்றிக்கொண்டு போய்விட்டது. குழந்தையோடு. தெருக்கோடிவரை. இவள் சன்ஷேடில்.

“எவ்வளவு நேரம்?”

“தெரியாது. பத்து நிமிஷம் இருக்கும். அத்தை ரெண்டு நிமிஷம்தான்றாங்க. கோடியில கரண்டு கம்பத்தைப் பிடிச்சு நிறுத்தி, திரும்பக் கொண்டுவந்தாங்க. அந்த ஆள் ஒரு கையால குழந்தையைப் பிடிச்சிக்கிட்டு ஒரு கையால கம்பத்தைப் பிடிச்சிருந்தாரு. கம்பத்துல கையெல்லாம் கிழிஞ்சிருந்துச்சு.”

“நீ ஏன் எங்கிட்ட...”

“சொன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? ஆபீஸ் போனதுக்கு உங்களையே திட்டிக்கிட்டு இருப்பீங்க. அத வேற நான் கேக்கணும்.”

நான் துடுப்பை மடியில் வைத்துவிட்டேன். அவள் மட்டும் வலித்தாள். கயாக் நேராகப் போயிற்று. நான் போடாதபோதுதான் அது நேராகப் போகிறது என்பதை அந்த நிலையிலும் கவனித்தேன்.

“நீங்க இல்லையேன்னு எனக்குக் கோவமெல்லாம் இல்ல. அந்த ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லல. குழந்தையைப் பிடுங்கிக்கிட்டேன். பிடுங்கினப்ப அவரு கையில என் நகம் பட்டுது. அவரு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாரு.”

கரைக்கு வந்ததும் இட்லி, வடை, பொங்கல். நண்பர் சொன்னது பொய்யில்லை. எனக்கு இறங்கவில்லை. என் மனைவி இரண்டாவது தடவை பொங்கல் வாங்கிக்கொண்டாள். பிறகு கைடிடம் நேராகக் கேட்டாள்.

“தம்பி, பதினஞ்சு வெள்ளத்துல உங்க ஊர்லேந்து படகு போச்சா?”

“போச்சுக்கா. லாரியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. எங்க சித்தப்பா போனாரு. மூணு நாள் கழிச்சுத்தான் வந்தாரு.”

“எந்தப் பக்கம் போனாரு?”

“வேளச்சேரிக்கா.”

“முடிச்சூர்?”

“இல்லக்கா. வேளச்சேரிதான். முடிச்சூருக்கு வேற குப்பத்து ஆளுங்க போயிருப்பாங்க.”

அவள் முகம் கொஞ்சம் சுருங்கிற்று. சினிமாவாக இருந்தால் அந்தச் சித்தப்பாதான் அந்த ஆளாக இருந்திருப்பார், பின்னணியில் வயலின் வேறு. “விசாரிச்சுச் சொல்றியா தம்பி? கையில பெரிய தழும்பு இருக்கும்” என்றாள். “கடலுக்குப் போறவங்க எல்லார் கையிலயும் தழும்பு இருக்கும்கா” என்றார் அவர். ஆனாலும் நம்பரை வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது எதிர்க்காற்று. என்னையும் என் சைக்கிளையும் ஆட்டோ ஒன்றில் ஏற்றிவிட்டார்கள். இதை ஆபீசில் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவேண்டாம்.

வீட்டுக்கு வந்து 36 படி ஏறினதும் அம்மா கேட்டாள்: “போட்டுல ஏறினாளா?”

“ஏறினா. எல்லாம் சொன்னா.”

“எது, குழந்தை போனதா?” என்றாள் அம்மா, வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே. “ஏன்டா, உனக்கு இப்பதான் தெரியுமா?”

அந்தப் பையனுக்கு நான் இரண்டு தடவை மெசேஜ் போட்டேன். பட்டினப்பாக்கத்திலிருந்து படகுகள் போனதாக ஒருத்தர் சொன்னாராம், இன்னொருத்தர் பழவேற்காடு என்றாராம். பேர் யாருக்கும் தெரியவில்லை. விசாரித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்.

நேற்று ராத்திரி என் மனைவி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தத் தம்பி ஏதாவது சொல்லிச்சா?”

“இல்லியே.”

“மாசக் கடைசில ஒரு ஞாயித்துக்கிழமை காலியா இருக்கு. நேர்லயே போய்க் கேட்டுடலாம். ரெண்டு கயாக்கா புக் பண்ணுங்க. நீங்க பாப்பாவோட உட்காருங்க, நான் தனியா வரேன்.”